வாயில்லாத படம்

என் அப்பாவின் காதுகள் என்னிடம்தான் இருக்கின்றன என்று படக்காரர் கண்டுபிடித்தபோது எனக்கு எட்டு வயது. எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. ஆனால் அந்தப் பெருமை மத்தியானம்வரைகூட நிற்கவில்லை. காதாக இருப்பதென்றால் கதிரையில் ஒருபக்கமாகத் திரும்பி, வேலியைப் பார்த்தபடி, ஈ மொய்த்தாலும் அசையாமல் இருக்க வேண்டும். மூக்காக வந்த பெரியப்பாவுக்கு நடுவில் எழும்பிப் போய் வெற்றிலை துப்பிவிட்டு வர அனுமதி இருந்தது. காதுக்கு அந்தச் சலுகை கிடையாது.

இது எப்படி வந்ததென்று முதலில் சொல்லிவிடுகிறேன். மன்னார்த் தீவின் வடகரையில் பேசாலை எங்கள் ஊர். வெள்ளைக்காரன் ஆண்ட காலம். அப்போது எங்கள் ஊரில் சுவரில் தொங்கும் உரிமை அர்ச்சியசிஷ்டவர்கள் என்னும் புனிதர்களுக்கும் இங்கிலாந்து மகாராசாவுக்கும் மட்டுமே இருந்தது. மகாராசா தபால் கந்தோரில் தொங்கினார். அர்ச்சியசிஷ்டவர்கள் மற்ற எல்லா வீடுகளிலும் தொங்கினார்கள். மன்னார்ப் பட்டினத்துக்கு எப்போதாவது ஒருவர் மூன்றுகால் பெட்டியோடு படம்பிடிக்க வருவார். அவர் வருகிற நேரமெல்லாம் அப்பா ஊரில் இருக்கமாட்டார்.

அப்பா சம்மாட்டி. சொந்தமாக வள்ளமும் வலையும் வைத்து ஆட்களைத் தொழிலுக்கு அனுப்புகிறவரை எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்வோம். வாடைக்காற்று எழும்பிவிட்டால் எங்கள் கரையில் தொழில் இல்லை. அப்பாவும் பெரியப்பாவும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு பெருநிலத்தில் அரிப்பு என்ற ஊர்ப் பக்கம் போய், கரையில் ஓலைக்கொட்டில் போட்டு, காற்று மாறும்வரை அங்கேயே இருப்பார்கள். வருஷத்தில் சில மாதங்கள் எனக்கு அப்பா இல்லை. ஊரில் பாதி வீடுகளில் அப்படித்தான், யாரும் அதில் குறை கண்டதில்லை. அப்படி ஒரு வாடை முடிந்து திரும்பி வரும்போது அப்பாவின் வள்ளம் கவிழ்ந்தது. பின்னால் வந்த பெரியப்பாவின் வள்ளம் மற்ற ஆட்களைத் தூக்கியது. அப்பா கிடைக்கவில்லை. பிறகு உடலும் கரையொதுங்கவில்லை.

உடல் இல்லாதபடியால் சேமக்காலைக் கல்லறைகளுக்கு நடுவில் அவருக்கு ஒரு குருசும் இல்லை. சுவாமியார் வெறும் பெட்டிக்குக் கறுப்புத் துணி போர்த்திப் பூசை வைத்தார். ஆண்டுப்பூசை நெருங்கி வந்தபோது அம்மாவை ஒரு பயம் பிடித்துக்கொண்டது. அதை அம்மா மாமியிடம் சொன்னதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மாமி என்றால் அப்பாவின் தங்கை. எங்கள் வளவிலேயே இருந்தவர்.

"அவரின்ரை முகம் எனக்கு வருகுதில்லை, மச்சாள். கண்ணை மூடினால் தோள் வருகுது, முதுகு வருகுது. முகம் வருகுதில்லை."

"செபமாலை சொல்லிப்போட்டுப் படுங்கோ. வரும்" என்றார் மாமி. மாமியிடம் எல்லா வருத்தத்துக்கும் அது ஒன்றுதான் மருந்து.

"சொல்லிப்போட்டுத்தான் படுக்கிறனான். மாதாவின்ரை முகந்தான் வருகுது."

நான் சிரித்துவிட்டேன். மாமி என் தலையில் ஒரு குட்டு வைத்தார். அம்மா சிரிக்கவும் இல்லை, என்னைப் பேசவும் இல்லை.

அந்த நாட்களில்தான் படக்காரர் வந்து சேர்ந்தார். அவர் வந்தது மனுசரைப் படம் கீறுவதற்கல்ல. பெரிய கிழமையில் எங்கள் ஊரில் ஆண்டவருடைய பாடுகளை ஆளளவுப் பொம்மைகளை வைத்து நடத்துவார்கள். உடக்கு என்று அவற்றுக்குப் பெயர். வருஷம் முழுக்க உப்புக்காற்றில் கிடந்து அப்போஸ்தலர்களின் கன்னமெல்லாம் உரிந்துபோகும். அதைச் சீர்செய்து வர்ணம் பூசத் தூத்துக்குடியிலிருந்து அவரை எடுப்பித்திருந்தார்கள். அக்கரையில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, ரயிலில் வந்தார். மெலிந்த மனிதர். விரல் ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில் இருந்தது. வேலையில்லாத ஒரு பொழுதில் அவர் கோவில் சங்கிலித்தாமின் முகத்தைக் கடதாசியில் கீறிக் கொடுத்துவிட்டார். மணியடிப்பதும் மெழுகுதிரி கொளுத்துவதுமாக இருந்த அந்த மனுசன் ஒரே நாளில் சுவரில் தொங்கத் தகுதி பெற்றுவிட்டார். ஊரே போய்ப் பார்த்தது. அம்மாவும் போய்ப் பார்த்தார். மறுநாள் பெரியப்பாவை அனுப்பிப் படக்காரரை வீட்டுக்குக் கூப்பிட்டார்.

"படமா? வரைஞ்சிடலாம். ஆளு எங்கம்மா?" என்று வந்தவர் கேட்டார்.

"ஆள் இல்லை. அதுக்குத்தான் படம் வேணும்" என்றார் அம்மா.

படக்காரர் திடுக்கிடவில்லை. அவருக்கு இது பழக்கமான வேலைபோல் இருந்தது. "செத்தவங்க மூஞ்சி எங்கயும் போயிடாதும்மா. சொந்தக்காரங்ககிட்டப் பிரிஞ்சு கெடக்கும். பொறுக்கிச் சேர்க்கணும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, சந்தையில் மரக்கறி விலை விசாரிப்பதுபோல விசாரிக்கத் தொடங்கினார். மூக்கு யார் ஜாடை? பெரியப்பா. கண்? மாமி. காதும் நெற்றியும்? எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவரிடம் ஒரு தகரப்பெட்டி இருந்தது. அதற்குள் மைக்கூடு, தொட்டு எழுதும் பேனாக்கள், பிறகு சுண்ணக்கட்டிபோலத் தூள் உதிரும் கலர்ப் பென்சில்கள். முதலில் பேனாவால் மைக்கோடு போடுவார். அது காய்ந்தபின் பென்சிலால் நிறம் தீட்டி, விரல் நுனியால் மெதுவாகத் தேய்ப்பார். தேய்க்கத் தேய்க்கக் கோடு தோலாக மாறும். மாமியின் கண்கள் கடதாசியில் விழித்துப் பார்த்த அன்று மாமி மூன்று முறை குருசு அடையாளம் போட்டுக்கொண்டார். நிறத்தைத் துடைத்துவிடலாம், மை போட்டால் போட்டதுதான் என்று படக்காரர் சொல்வார். அதனால் நிச்சயம் தெரியாத எதையும் அவர் மையால் தொடுவதில்லை.

நிச்சயம் தெரியாமல் கடைசியில் நின்றது வாய்தான்.

பெரியப்பாவுக்கு முன்பல் எல்லாம் போய் வாய் உள்ளே விழுந்திருந்தது. மாமியின் வாய் நூல்போல மெல்லியது. அது யாரையாவது பழிக்கும்போது மட்டுமே முழுதாகத் திறக்கும். எனக்கு அம்மாவின் வாய். படக்காரர் சின்னச் சின்னக் கடதாசித் துண்டுகளில் ஆளுக்கொரு வாயாகக் கீறி, படத்தில் வெறுமையாய்க் கிடந்த இடத்தில் ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினார். அம்மா எட்டத்தில் நின்று பார்ப்பார்.

"இது சூசையப்பர்" என்பார். படக்காரர் துண்டை மாற்றுவார். "இது இராயப்பர்." மறுபடி மாற்றுவார். பாவம், அவர் வாழ்நாள் முழுவதும் பழகியது அர்ச்சியசிஷ்டவர்களின் வாயைத்தான். ஒருமுறை துண்டை வைத்ததும் பெரியப்பாவே பதறிப்போய், "ஐயோ, இது யூதாசல்லோ!" என்று கத்தினார். மாமி அன்று படக்காரருக்குச் சோறு போடும்போது மீன் துண்டை வைக்கவில்லை.

"ஒரு தாடிய வச்சு மூடிரலாமா? ராசாவுக்கே தாடிதானே" என்று கடைசியில் படக்காரர் கேட்டார்.

"தாடியோடை அவர் எனக்கு வேண்டாம்" என்றார் அம்மா. "அவர் சிரிச்சால் வாய் ஒருபக்கம் மேலை போகும். மோவாயிலை ஒரு குழி விழும். எனக்குச் சொல்லத் தெரியுது. பாக்கத்தான் தெரியுதில்லை."

இப்படியே நாட்கள் போயின. குருத்தோலை ஞாயிறுக்கு முன் படக்காரர் கப்பலேற வேண்டும். ஆண்டுப்பூசையும் அதற்குள் வந்துவிடும். வாயில்லாத அப்பா மேசையில் ஒரு பலகையில் குத்தப்பட்டபடி எங்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது பெரிய குறையாகத் தோன்றவில்லை. அப்பா அதிகம் பேசுகிறவரும் இல்லை. ஆனால் அம்மா சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிட்டுப் போகத் தொடங்கினார். போகிற போக்கில் படத்தின் முன் நின்று அந்த வெற்றிடத்தையே பார்ப்பார். முகம் கிடைக்காவிட்டால் அப்பா இரண்டாம் முறை செத்துவிடுவார் என்று எனக்குப் பயமாக இருந்தது. அம்மாவைப் பார்க்க அழுகை வந்தது.

அந்த வாய் எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரிந்தது ஒரு சனிக்கிழமை, ஞானோபதேச வகுப்பில்.

அந்த வருஷம் முதல் நற்கருணையான புதுநன்மை எடுக்கவிருந்த பிள்ளைகளில் ஒருத்தி எனக்கு அருகில் இருப்பாள். என்னைவிட ஒரு வயது குறைவு. அவளும் தாயும் ஊருக்குப் புதிது. அப்பா போனபிறகு பெரியப்பாதான் அவர்களை அரிப்பிலிருந்து கூட்டி வந்து, தன் கருவாட்டுப் பந்தலில் தாய்க்கு வேலை கொடுத்திருந்தார். பெரியப்பாவுக்கு நல்ல இரக்கமுள்ள மனசு என்று சுவாமியார்கூடச் சொல்லியிருந்தார். மாமி மட்டும் அந்தத் தாயைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மாமி முகம் திருப்பாத ஆட்களை விரல் விட்டு எண்ணலாம் என்பதால் நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடிக்கும். ஏன் பிடிக்கும் என்று கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திராது. அன்று உபதேசியார் கேட்ட கேள்விக்கு அவள் தாறுமாறாக ஏதோ சொல்லிவிட்டு, வெட்கத்தில் சிரித்தாள். வாய் இடப்பக்கம் மேலே போனது. மோவாயில் குழி விழுந்தது.

வகுப்பு முடியும்வரை எப்படி இருந்தேனோ தெரியாது. முடிந்ததும் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். "எங்கையடி?" என்று அவள் கேட்டாள். "எங்கட வீட்டை. உன்ரை வாய் கொஞ்ச நேரத்துக்கு வேணும்" என்றேன். அவள் மறுப்புச் சொல்லாமல் வந்தாள். அவளை அதுவரை யாரும் எதற்கும் வேணுமென்று கூப்பிட்டிருக்கவில்லை.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது எல்லோரும் இருந்தார்கள். அம்மா கதவோரம், பெரியப்பா வாங்குப்பலகையில், மாமி அரிசிச் சுளகோடு. படக்காரர் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். "வாய் கொண்டு வந்திட்டன்" என்று நான் மூச்சு வாங்கச் சொன்னேன். அத்தனை பேர் பார்ப்பதைக் கண்ட அந்தப் பிள்ளை வெட்கப்பட்டு மறுபடி சிரித்தாள்.

முதலில் கத்தியவர் படக்காரர்தான். அயலூர்க்காரருக்கு என்ன தெரியும். "அட, இதேதாம்மா! நீங்க சொன்ன அந்தக் குழி! யாரு புள்ள இது? சொந்தத்துல இப்படி ஒரு புள்ளய வச்சிக்கிட்டா என்னய இத்தன நாளா அலைய வச்சீங்க?"

பெரியப்பா குனிந்து தன் பெருவிரலைப் பார்த்தார். மாமியின் கையிலிருந்த சுளகு சரிந்து அரிசி கொட்டியது.

"ஆரடி இவளை இஞ்சை கூட்டிக்கொண்டு வரச் சொன்னது?" என்று மாமி என்னிடம் பாய்ந்தார். "கொண்டுபோய் விடு! இப்பவே கொண்டுபோய் விடு!"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஊரெல்லாம் தேடிய பொருளை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன், ஒரு நல்ல சொல் இல்லை. அம்மா அந்தப் பிள்ளையின் அருகில் வந்து நின்றார். அவள் மோவாயைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். அம்மாவின் முகம் வெளுத்திருந்தது. பயந்துபோன பிள்ளையின் வாய் கோணியது.

"பயப்பிடாதை பிள்ளை. இன்னொருக்காச் சிரி" என்றார் அம்மா.

அவள் சிரித்தாள். அம்மா பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு, அவளைத் தூக்கி அதில் இருத்தினார்.

"கீறுங்கோ" என்றார் படக்காரரிடம்.

"மச்சாள், உங்களுக்கென்ன விசரோ?"

"நீங்கள் குசினிக்குப் போங்கோ, மச்சாள்." அம்மா மாமியிடம் அப்படிப் பேசி நான் அதற்குமுன் கேட்டதில்லை. மாமியும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். கொட்டிய அரிசியை அப்படியே விட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

படக்காரர் இந்த முறை கடதாசித் துண்டில் முயன்று பார்க்கவில்லை. பேனாவை மையில் தொட்டு நேரே படத்திலேயே கோடு போட்டார். பலகையின் பின்புறம் பிள்ளைக்கு எதிரே இருந்ததால் தான் எதற்கு வாயைக் காட்டிக்கொண்டிருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. மை காய்ந்ததும் சிவப்புப் பென்சிலை எடுத்து மேல்சொண்டுக்கும் கீழ்ச்சொண்டுக்கும் நிறம் தீட்டித் தேய்த்தார். அம்மா அவள் கையில் ஒரு துண்டு பனங்கட்டியைக் கொடுத்து முற்றத்துக்கு விளையாட அனுப்பினார். பிறகு படத்தின் முன்னால் வந்து நின்றார்.

வாய் பொருந்தியிருந்தது. எனக்கே தெரிந்தது. ஆனால் அம்மா தலையை ஆட்டினார்.

"வாய் அவரின்ரைதான். ஆனால் அவர் இல்லை."

"இதுக்கு மேல என்னால ஆகாதும்மா" என்று படக்காரர் பென்சிலைப் பெட்டிக்குள் போட்டார். அவருக்குக் கோபம் வந்ததில் பிழையில்லை. "என்ன கொறையுதுன்னு சொன்னாத்தானே?"

"தெரியேல்லையே" என்று அம்மா நிலத்தில் இருந்துவிட்டார். "எனக்குத் தெரியேல்லையே. அவ்வளவு காலம் இருந்தும் எனக்குத் தெரியேல்லையே."

அப்போது படலையடியில் ஒரு குரல் கேட்டது. "பிள்ளை இஞ்சை வந்தவளோ?" வகுப்பிலிருந்து வராத மகளைத் தேடி அந்தத் தாய் வந்திருந்தார். பந்தலிலிருந்து வேலையோடு வேலையாக வந்தவர். கையில் மீன்செதிள் ஒட்டியிருந்தது. முற்றத்தில் மகளைக் கண்டதும் கூட்டிக்கொண்டு திரும்பப் பார்த்தார். அம்மா எழும்பி வெளியே போனார். இருவரும் படலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றார்கள். அம்மாதான் படலையைத் திறந்தார்.

"உள்ளுக்கு வாங்கோ. ஒரு படம் கீறியிருக்கு. சரியோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ."

அவர் வர விரும்பவில்லை. கால் நகரவில்லை. அம்மா அவருடைய செதிள் ஒட்டிய கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து பலகையின் முன் நிறுத்தினார். அந்தப் பெண் கொஞ்ச நேரம் நிலத்தையே பார்த்தபடி நின்றார். பிறகு தலையை நிமிர்த்தினார்.

"சுருட்டுக் கறுப்பு இல்லை" என்றார். "கீழ்ச்சொண்டிலை. இடப்பக்கம்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். "ஓம்" என்றார். "ஓம், இடப்பக்கம்."

படக்காரர் மண்ணிறப் பென்சிலையும் கறுப்பையும் எடுத்துக் கீழ்ச்சொண்டின் ஓரத்தில் தொட்டு, விரலால் ஒருமுறை இழுத்தார். அவ்வளவுதான். அப்பா வந்துவிட்டார். வாயிலிருந்து சுருட்டை இப்போதுதான் எடுத்தவர்போல, ஏதோ சொல்லப்போகிறவர்போல எங்களைப் பார்த்தார். "அப்பா!" என்று கத்தியே விட்டேன்.

அம்மா வாய்விட்டு அழுதார். அந்தப் பெண் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை, படத்தையே பார்த்து அழுதார்கள். பெரியப்பா வெற்றிலைப் பெட்டியைக்கூட எடுக்காமல் எழும்பிக் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டார். படக்காரர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு அவசரமாகப் பேனாக்களைத் துடைக்கத் தொடங்கினார்.

"ஆண்டுப்பூசைக்கு வாங்கோ" என்று அம்மா சொன்னார். "பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"வாறம். கோயிலிலை கடைசி வாங்கிலை இருக்கிறம்."



மாமி என்னோடு பேசாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பெரியப்பா எங்கள் வீட்டுப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார். அம்மா மட்டும் அன்றிலிருந்து ஒழுங்காகச் சாப்பிட்டார். அம்மாவுக்கு முன்பு எவ்வளவு தெரிந்திருந்தது, அன்று எவ்வளவு தெரிந்தது என்று நான் பிறகும் கேட்டதில்லை. எல்லோரும் ஏன் இப்படி ஆனார்கள் என்று அப்போது யோசித்துப் பார்த்தேன். படக்காரரின் வேலை முடிந்து அவர் போகப்போகிற கவலை என்று முடிவு செய்தேன்.

அடுத்த வகுப்பில் அந்தப் பிள்ளை வழக்கம்போல என் அருகில் வந்து இருந்தாள். நான் அவளுக்கு நன்றி சொல்ல நினைத்தேன்.

"உன்ரை அம்மா சரியான கெட்டிக்காரி. எங்கட அப்பாவை எங்கையாவது தூரத்திலை ஒருக்காக் கண்டிருப்பா. அதுக்குள்ளை சொண்டிலை கறுப்பு எந்தப் பக்கம் எண்டு சொல்லிப்போட்டா."

அவளுக்கு அது சந்தோஷமாக இருந்தது. "என்ரை அப்பாவும் கடலுக்குள்ளைதான் போனவர்" என்றாள்.

எங்கள் ஊரில் அது பெரிய புதினமில்லை. "படம் இருக்கோ?" என்று கேட்டேன்.

"இல்லை."

எனக்கு அவளை நினைக்கப் பாவமாகிவிட்டது. எங்களிடம் இருக்கிறது, அவர்களிடம் இல்லை. அதுவும் அவளுடைய வாயை வாங்கித்தான் நாங்கள் படத்தை முடித்திருந்தோம்.

"பூசை முடிய எங்கட வீட்டை வா. படத்தைக் காட்டுறன்" என்றேன். "வேணுமெண்டால் அதை உன்ரை அப்பா எண்டு நினைச்சுக்கொண்டு செபம் சொல்லு. நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

அவள் ஓம் என்று தலையாட்டினாள். இவ்வளவு தாராளமான பிள்ளையாக நான் இருப்பதை எண்ணி, அன்று முழுவதும் எனக்கு என்மீதே பெரிய மரியாதையாக இருந்தது.